ஒரு முட்டை வித்தியாசம்

மாலை 4.02.

சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், நிகத் கம்ப்யூட்டர்ஸ் கடையின் நடுமேஜையில், மூன்றாவது கறுப்பு உறையை நிகத் திறந்தாள். உள்ளே தொள்ளாயிரத்து எண்பது கிராமில் ஒரு லேப்டாப் இருக்க வேண்டும். அடுத்த மாதம்தான் விற்பனைக்கு வரும் நோவிக்கா. இப்போதைக்குச் சேலத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

உள்ளே ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது.

நிகத் உறையைத் தலைகீழாக உதறினாள். லேப்டாப் எவ்வளவு மெலிந்தாலும் உறையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்காது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மூன்று தடவை உதறினாள்.

"திருட்டு," என்றான் நந்தகுமார். முதலில் வாய் திறந்தவன் அவன்தான். நோவிக்கா கம்பெனி சென்னையிலிருந்து அனுப்பிய விளம்பரப் பிரதிநிதி. கழுத்தில் அடையாள அட்டை, காதில் கருவி, முகத்தில் எப்போதும் அடுத்த ரயிலுக்குக் கிளம்புகிற அவசரம்.

நிகத்தின் அப்பா சமியுல்லா எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். சர்வீஸ் பார்க்கும் தனசேகர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளறை வாசலில் நின்றான். மற்ற எல்லோரும் பூபதியைப் பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. கடையில் அப்போது இருந்த ஒரே வாடிக்கையாளர் பூபதி. வாடிக்கையாளர் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். அவன் பதினான்கு மாதமாக லேப்டாப் வாங்கிக்கொண்டிருந்தான். வாங்கி முடிக்கவில்லை. எடை, பேட்டரி, திரை, கீல், விசைகளின் ஆழம் என்று நாற்பத்தொரு கட்டம் போட்ட ஓர் எக்செல் ஷீட் வைத்திருந்தான். ஒன்றை முடிவுசெய்து பணத்தை எடுக்கப் போகும்போது, அதைவிட மெலிந்த ஒன்று மூன்று மாதத்தில் வரப்போவதாகச் செய்தி வரும். பூபதி பணத்தை உள்ளே வைத்துவிட்டு ஷீட்டில் ஒரு வரி சேர்ப்பான். கல்லூரியில் நான்கு வருடம் முடிந்துவிட்டது. அசைன்மென்ட் முழுவதையும் அடுத்தவன் லேப்டாப்பில் செய்தான்.

வாரம் முழுக்கக் கடையில் வரப்போகிற மூன்று லேப்டாப்புகளின் கண்காட்சி. காலை பத்து முதல் பதினொன்று வரை மூன்றையும் திறந்து வைப்பார்கள். தொட்டுப் பார்க்கலாம், ஒப்பிடலாம். பதினொன்றுக்கு மேல் ஒரே மாதிரியான மூன்று பஞ்சு உறைகளில் போட்டு, ஜிப்பை பிளாஸ்டிக் டேக்கால் கட்டி, அ, ஆ, இ என்று எழுதிவிடுவார்கள். வருகிறவர்கள் உறையோடு தூக்கிப் பார்த்து எடையைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. கழித்துக்கொள்ள வசதியாகப் பக்கத்தில் ஒரு காலி உறையும் தொங்கியது. சரியான எடைகள் ஒட்டிய கவருக்குள். மாலை நான்குக்கு உறைகளைத் திறந்து மூன்று லேப்டாப்பையும் எடுத்துப் பூட்டி வைப்பார்கள்.

பூபதி போட்டியில் சேரக் கூடாது என்று முதல் நாளே நந்தகுமார் சொல்லிவிட்டான். மூன்றின் எடையும் பூபதிக்குக் கம்பெனிக்காரனைவிட முன்பே தெரியும்.

4.15.

பைகளைக் கொட்டினார்கள். அலமாரி, மேஜையடி, ஏசிக்குப் பின்பக்கம், கழிவறை, எங்கும் இல்லை. பூபதியின் பையிலிருந்து சார்ஜர் மட்டும் வந்தது. லேப்டாப் இல்லாதவன் சார்ஜர் எதற்கு வைத்திருக்கிறான் என்று நந்தகுமார் கேட்டான். தள்ளுபடியில் கிடைத்தது, அதற்கேற்ற லேப்டாப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பூபதி உண்மையைச் சொன்னான். உண்மை அவனுக்கு உதவவில்லை.

கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். காலை 11.00: நிகத் தன் கையால் மூன்று லேப்டாப்பையும் உறையில் போடுகிறாள். 12.45: வெள்ளிக்கிழமை என்பதால் சமியுல்லா ஜும்மாவுக்குக் கிளம்புகிறார். ஷட்டர் பாதி இறங்குகிறது. நந்தகுமார் பாதுகாப்புக்காக மூன்று உறைகளையும் உள்ளறைக்கு எடுத்துப் போகிறான். நிகத் முன்பக்க ஜெராக்ஸ் மிஷினில் நிற்கிறாள். 2.00: உறைகள் மேஜைக்குத் திரும்புகின்றன. பிறகு கூட்டம். 3.20: திரை கறுப்பு. மின்வெட்டு. 3.35: திரும்ப வெளிச்சம்.

"பதினஞ்சு நிமிஷம்," என்றான் நந்தகுமார். "அப்ப யார் எங்க இருந்தீங்க?"

நிகத் பின்வாசலில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சமியுல்லா தெருவில் பக்கத்துக் கடைக்காரரோடு மின்வாரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நந்தகுமார் அவர்கள் எதிரிலேயே போனில் இருந்தான். தனசேகர் உள்ளறையில்.

"நீ?"

"மேஜைகிட்டங்க," என்றான் பூபதி.

"தனியா?"

"ஆமாங்க."

"இருட்டுல என்ன பண்ணினே?"

"கண்ணாடி அலமாரியில வெச்சிருந்த பழைய மாடலோட கீலைத் திறந்து மூடிப் பாத்துட்டு இருந்தனுங்க. சத்தம் வருதான்னு."

நந்தகுமார் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக் காட்டினான். நீலக் கெட்டி அட்டை, ஓரங்களில் செல்லோடேப் கிழிந்த தடம். முதல் பக்கம் இல்லை. உள்ளே பன்னிரண்டு சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு மையில் கையெழுத்து.

"காலேஜ் ரெக்கார்டு. இங்க காலேஜ் பையன் யாரு?"

"அது என்னோடது இல்லீங்க. பன்னெண்டும் எழுதியிருக்குது."

சமியுல்லாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. நந்தகுமாருக்கு வரவில்லை. கம்பெனி மானேஜர் போனில் ஆறு மணி வரை பார்க்கச் சொல்லியிருக்கிறார், அதற்குள் கிடைக்காவிட்டால் காவல் நிலையம் என்றான். பேசிக்கொண்டே புகாரை நிகத்தின் கம்ப்யூட்டரிலேயே அடித்து அச்செடுத்து மேஜையில் வைத்தான். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் பூபதியின் பெயர், அப்பா பெயர், நாமக்கல் கோழிப்பண்ணையின் விலாசம்.

பூபதி அந்தத் தாளைப் பார்த்தான். முதல் தேதி பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். சேர்வதற்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வேண்டும். விண்ணப்பம் போன வாரம்தான் போயிருக்கிறது. இந்தத் தாள் ஸ்டேஷனுக்குப் போனால் அந்தத் தாள் திரும்பி வராது. அப்புறம் பண்ணையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க முட்டை எண்ண வேண்டியதுதான்.

உட்கார்ந்தான். எழுந்தான். ஜெராக்ஸ் மிஷின் வரை நடந்து திரும்பினான். நிகத்திடம் போய் நின்றான்.

"அக்கா, போட்டிச் சீட்டெல்லாம் இருக்குதுங்களா?"

"அது எதுக்கு இப்ப?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"பூபதி, உன் தலைக்கு மேல கத்தி தொங்குது. இப்பவும் ஒப்பிடறேங்கற."

"எனக்கு வேற எதுவும் தெரியாதுங்கக்கா."

4.50.

அன்றைய சீட்டுகள் எண்பத்து மூன்று. பில் மிஷினில் அச்சடித்தவை என்பதால் ஒவ்வொன்றிலும் நேரம் இருந்தது. அதன் கீழே பெயர், ஊர், மூன்று எடைகள் கையால் எழுதியவை. பூபதி அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பினான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். தனசேகர் நிறுத்தினான். எல்லோருக்கும் வியர்த்தது.

நந்தகுமார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். பூபதி நிமிரவில்லை. எடைக் கவரைப் பிரிக்கச் சொன்னான். போட்டிதான் கெட்டுப்போய்விட்டதே என்று நிகத் பிரித்தாள். அ: 1,240. ஆ: 1,110. இ: 980.

எண்பத்து மூன்றில் பெரும்பாலானவை குப்பை. ஒருவர் மூன்றுக்கும் இரண்டு கிலோ போட்டிருந்தார். ஒருவர் எடைக்குப் பதில் போன் நம்பர் எழுதியிருந்தார். ஒரு பேராசிரியர் நான்கரை கிலோ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பூபதி ஒவ்வொரு சீட்டிலும் முதல் இரண்டு எடையை மட்டும் பார்த்தான். இரண்டும் பத்து கிராமுக்குள் சரியாக இருந்தால் வைத்துக்கொண்டான். இல்லாவிட்டால் ஒதுக்கினான்.

5.20-க்குத் தரையில் நான்கு சீட்டுகள் மிஞ்சின.

காலை 11.25. தமிழ்ச்செல்வி, கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை. 1,238; 1,112; 981.

பகல் 12.20. பெரியசாமி, மஞ்சள் மண்டி, நாமகிரிப்பேட்டை. 1,245; 1,105; 985.

பகல் 2.15. ஜோதி, காய்கறி மண்டி, வாழப்பாடி. 1,235; 1,115; 1,035.

பகல் 2.50. கலைமணி, முட்டை வியாபாரம், நாமக்கல். 1,240; 1,110; 1,040.

பூபதி நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் மரத்துப்போயிருந்தது.

"பாய், அந்தக் கூரியர் தராசைக் கொஞ்சம் போடுங்க."

சமியுல்லா தராசைப் போட்டார். பூபதி ரெக்கார்டு நோட்டை அதன் மேல் வைத்தான். 1,036.

"காலையில ரெண்டு பேரு தூக்கியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் இ-யில தொள்ளாயிரத்து எண்பது சொச்சம். மத்தியானம் ரெண்டு பேரு. ஆயிரத்து முப்பத்தஞ்சு, நாப்பது. வாழப்பாடி ஜோதியக்கா ஒரே ஒரு கிராம்தான் தப்பு. அவங்க தூக்கினது லேப்டாப் இல்லீங்க. இந்த ரெக்கார்டை. மணி ரெண்டேகால். கரண்டு போனது மூணு இருவது."

நந்தகுமார் சிரித்தான்.

"ப்ரோ, காமெடி பண்ணாத. வெறும் கையில தூக்கி அம்பத்தஞ்சு கிராம் வித்தியாசம் எவனால சொல்ல முடியும்?"

"தம்பி எந்த ஊரு?" என்று சமியுல்லா கேட்டார்.

"சென்னை."

"அதான்," என்றார் சமியுல்லா.

பூபதி விளக்கினான். நாமக்கல்லில் ஒரு முட்டை ஐம்பத்தைந்து கிராம். அவன் அப்பாவிடம் முப்பது முட்டை அட்டையைக் கொடுத்தால் ஒன்று குறைகிறதா என்று பார்க்காமலே சொல்வார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசை உள்ளங்கையில் போட்டு எடை சொல்வார்கள், மண்டியில் கூறுகட்டித் தக்காளியை. இந்த ஊரில் பாதிப்பேருக்குப் பிழைப்பே கையில் இருக்கும் தராசுதான். எடை சொல்லும் போட்டியைக் கொண்டுவந்து இங்கே வைத்தவன், எடை மாறினால் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருக்கிறான்.

"வெச்சவன்னா?" என்றான் நந்தகுமார்.

"பன்னெண்டு இருவதுக்கும் ரெண்டேகாலுக்கும் நடுவுல உறை கேமராவை விட்டுப் போனது ஒரே தடவை. பன்னெண்டே முக்கால்ல இருந்து ரெண்டு வரைக்கும். உள்ளறையில. தனசேகரண்ணா, அப்ப நீங்க எங்கிருந்தீங்க?"

"அயோத்தியாப்பட்டணம். ஸ்கூல்ல பிரிண்டர் சர்வீஸ். மூணு மணிக்குத்தான் வந்தேன். ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"பாய் பள்ளிவாசல்ல. அக்கா முன்னாடி கேமராவுலயே நிக்கறாங்க. நான் வெளிய கரும்புச்சாறுக் கடையில. கேமராவுல என் முதுகு தெரியுது. உள்ள நீங்க மட்டுந்தான் இருந்தீங்க."

நந்தகுமார் காதுக்கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தான். குரல் மாறவில்லை. தான் எடுத்திருந்தால் லேப்டாப் எங்கே என்று கேட்டான். பையைக் கொட்டிக் காட்டியாயிற்று. கடையை விட்டு வெளியே போனது மின்வெட்டின்போது மட்டும், அதுவும் வெறும் கையோடு, எல்லோர் கண்ணெதிரிலும். பொருளைக் காட்டு, இல்லையென்றால் இந்தக் கதையை ஸ்டேஷனில் போய்ச் சொல். மணி 5.35.

அதுதான் பூபதிக்கும் தெரியவில்லை. மறுபடி நடந்தான். ஜெராக்ஸ் மிஷின் வரை, திரும்ப மேஜை வரை. நிகத் புகார்த் தாளின் மேல் ஒரு ஸ்டேப்ளரை வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் கத்துக்கிட்ட பூபதி? யோசி."

கல்லூரியில் என்ன கற்றுக்கொண்டான் என்று பூபதி யோசித்தான். பெரிதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ரெக்கார்டு நோட்டு மட்டும் நினைவுக்கு வந்தது. முதல் செமஸ்டரில் பிரவுன் அட்டை போடாமல் கொண்டுபோய் நீட்டியதற்குத் துறைத்தலைவர் அதைத் தொடவே மறுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிரவுன் அட்டை இருக்கிறதா, லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். பன்னிரண்டு சோதனையும் எழுதி, பன்னிரண்டு கையெழுத்தும் வாங்கிய ஒரு ரெக்கார்டு பிரவுன் அட்டை இல்லாமல் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

தராசில் கிடந்த நோட்டைப் பார்த்தான். நீலக் கெட்டி அட்டை. ஓரத்தில் செல்லோடேப் கிழிந்த தடம்.

"அக்கா, நம்ம கடையில பைண்டிங் பண்ணக் கொடுத்துட்டு வாங்காம போன ரெக்கார்டெல்லாம் எங்க?"

"உள்ளறை ராக்குல. போன வருஷத்து பேட்ச். ஏன்?"

"இதுக்குப் போட்டிருந்த சட்டையைக் கழட்டி வேற யாருக்கோ போட்டுட்டாங்க."

5.44.

உள்ளறை ராக்கில் பதினான்கு ரெக்கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எல்லாம் ஒரே துறை, ஒரே கடையில் வாங்கிய ஒரே பக்க எண்ணிக்கை, ஒரே பிரவுன் அட்டை. தேடியபோது எல்லோரும் அந்த ராக்கின் முன்னால் நின்றிருந்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. ரெக்கார்டை மார்க் போடுகிறவரே பிரித்துப் பார்ப்பதில்லை, திருட்டைத் தேடுகிறவர் ஏன் பார்க்கப் போகிறார்?

பூபதி கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தனசேகரிடம் கொடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நந்தகுமார் வாசலில் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு. ஏழு. எட்டாவதுக்கு அப்புறம் மணி சொல்வதை நிறுத்திவிட்டான்.

பத்தாவதைத் தூக்கியதும் பூபதி கண்ணைத் திறந்தான்.

"இதுல ஒரு முட்டை குறையுது."

நிகத் செல்லோடேப்பைக் கிழித்தாள். பிரவுன் அட்டைக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பஞ்சுத் தாள்கள். நடுவில் நோவிக்கா. அவள் அதைத் திறந்தாள். திரையின் இடது மூலையிலிருந்து வலது மூலை வரை ஒரு விரிசல் ஓடியது. அதிலிருந்து சின்ன விரிசல்கள் கிளைவிட்டிருந்தன.

நந்தகுமார் ஸ்டூலில் உட்கார்ந்தான். மதியம் அவன் உட்கார்ந்திருந்ததும் அதே ஸ்டூல்தான் என்று பிறகு தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டே மெயில் பார்ப்பதற்காக, மாற்று டேக் இருக்கும் தைரியத்தில் டேக்கை வெட்டி, நோவிக்காவை எடுத்து மடியில் வைத்திருக்கிறான். தயிர்ப் பொட்டலத்தைப் பிரிக்கக் குனிந்திருக்கிறான்.

"மடியில இருக்குன்னே மறந்துட்டேன்க்கா," என்றான். முதல் தடவையாக அவசரமில்லாமல் பேசினான். "கனமே இல்ல. சத்தம் கேட்டப்பதான் விழுந்ததே தெரிஞ்சுது. இந்தியாவுக்கு வந்ததே ஆறு பீஸ். உடைச்சேன்னா வேலை போயிடும். திருடு போனா இன்சூரன்ஸ் இருக்கு. ராத்திரி ரயிலுக்கு முன்னாடி வந்து எடுத்துட்டுப் போய் எங்கயாவது போட்டுடலாம்னு நினைச்சேன். இவன் பேர் வரும்னு நினைக்கல. கரண்டு போச்சு, இவன் தனியா நின்னான், எல்லாரும் இவனையே பாத்தாங்க. நானும் பாத்தேன்."

"பாத்ததோட நிக்கல. இவங்க அப்பா பேரு, ஊட்டு விலாசம் வரைக்கும் அடிச்சு வெச்சிருக்க," என்றார் சமியுல்லா.

நிகத் புகார்த் தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். நந்தகுமாரின் போனை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். மானேஜரிடம் அவனே சொல்ல வேண்டும், ஸ்பீக்கரில் போட்டு, எல்லோர் முன்னாலும், பூபதியின் பெயரில் தொடங்கி. அப்படிச் சொன்னால் கடையிலிருந்து புகார் எதுவும் போகாது. சொல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு அவளே போவாள், எண்பத்து மூன்று சீட்டோடு.

நந்தகுமார் நம்பரைத் தேடினான். பூபதி அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"ஒரு நிமிசமுங்க. போன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு."

"சொல்லு."

"இந்த ஸ்டூல் உயரம் எவ்வளவு இருக்கும்?"

நந்தகுமார் அவனை வெறித்துப் பார்த்தான். தனசேகர் டேப்பை எடுத்து அளந்தான். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். தரை, சாதாரண டைல்ஸ்.

பூபதி போனில் ஷீட்டைத் திறந்து நாற்பத்து இரண்டாவது கட்டத்தைச் சேர்த்தான். தலைப்பு: மடியிலிருந்து விழுந்தால். நோவிக்காவுக்கு நேராக எழுதினான்: போச்சு. அந்த வரியைத் தொட்டு, கொஞ்சம் தயங்கி, அழித்தான். பதினான்கு மாதத்தில் அந்த ஷீட்டிலிருந்து ஒரு வரி குறைந்தது அதுதான் முதல் தடவை.

6.10.

மானேஜர் ஸ்பீக்கரில் நிறையப் பேசினார். பூபதியிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். நந்தகுமார் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து போனான். பரிசைக் கொடுக்கத் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டார்கள். மூன்றாவதில் ஒரே ஒரு கிராம்தான் கூடிவிட்டது என்று நிகத் சொன்னாள். அதைக் கேட்டதும் தமிழ்ச்செல்வி, உறையின் டேக்கைக் கழிக்க மறந்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

நிகத் மேஜையைத் துடைத்தாள். அ உறையும் ஆ உறையும் அங்கேயே இருந்தன.

"சரி, இனி ரெண்டுதான். அடுத்த மாசம் வரும். எதுக்கு முன்பதிவு போடட்டும்? இல்ல, ஜனவரியில இன்னொண்ணு வருதாமா?"

ஜனவரியில் இன்னொன்று வரத்தான் போகிறது. எண்ணூற்று அறுபது கிராம். காலையிலேயே படித்திருந்தான். பூபதி வாயைத் திறந்து மூடினான். அ உறையை வலது கையில் தூக்கினான். ஆயிரத்து இருநூற்று நாற்பது. மூன்றில் அதுதான் கனம், அதுதான் தடிமன். ஷீட்டில் எப்போதும் கடைசி வரிசையில் இருந்தது. தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றான். மடியில் இருந்தால், இருக்கிறது என்று தெரியும்.

"இதுக்கே போடுங்கக்கா."

"நோவிக்காவைவிட எரநூத்தி அறுபது கிராம் கூடடா. உன்னால தாங்க முடியுமா?"

"அஞ்சு முட்டைக்குக் கொஞ்சம் கம்மி," என்றான் பூபதி. "தூக்கிக்கலாமுங்க."